முன்னே நடப்பவரின் வேகம்

2024ஆம் ஆண்டு மே மாதம் பதின்மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து நாற்பதுக்குக் கைபேசி ஒலித்தது. நான் ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் மேற்படியில் உட்கார்ந்திருந்தேன். நெல்லிவாசல்நாட்டில் எங்கள் குடியிருப்பில் சிக்னல் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். கல்லூரி விடுமுறைக்கு நான் வீட்டுக்கு வந்து சில நாட்களே ஆகியிருந்தன.

அழைத்தவர் அடிவாரத்து மருத்துவமனையில் ஆய்வு செய்யும் பொறியியல் மாணவி. ஊர் வாணியம்பாடி. நான் அவரை அக்கா என்று அழைப்பேன். அம்மாவின் நடைவேகம் சில வாரங்களாகக் குறைந்துகொண்டே வருவதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை அழைத்து வரும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார், தங்கவும் நேரலாம், மாற்றுத்துணி எடுத்து வாருங்கள் என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது இன்னதென்று எனக்குத் தெரியும்.

அம்மாவுக்குச் சிறுவயதில் மூட்டுக் காய்ச்சல் வந்தது. அதன் மிச்சமாக இதயத்தின் ஒரு வால்வு சுருங்கியிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தொடை வழியாக ஒரு குழாயைச் செலுத்தி, அதன் முனையிலிருந்த பலூனை ஊதி, அந்த வால்வை விரித்தார்கள். மறுபடி சுருங்கினால் பலூன் உதவாது, நெஞ்சைத் திறந்துதான் ஆகவேண்டும் என்று டாக்டர் அன்றே சொல்லியிருந்தார். அம்மா மற்ற எதற்கும் அஞ்சியதில்லை. நெஞ்சைக் கீறாமல் விட்டார்கள் என்பதை மட்டும் அவள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வாள். அதே நெஞ்சைப் பற்றிய செய்தியோடுதான் நான் தொட்டிப் படியிலிருந்து இறங்கினேன்.

வால்வு சுருங்கத் தொடங்கினால் நோயாளிக்கு முதலில் தெரியாது. மூச்சு வாங்காத அளவுக்கு, தன்னை அறியாமலே, மெதுவாக நடக்கப் பழகிக்கொள்வார். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நடக்கச் சொன்னால் வீம்புக்கு விரைந்து நடந்து காட்டிவிடவும் கூடும். ஆகவே வீட்டிலும் காட்டிலும் அவர் எப்படி நடக்கிறார் என்பதை அறிய வேண்டும். வாணியம்பாடி அக்காவின் ஆய்வு அதைப் பற்றியதுதான்.

மார்ச் மாதத்தில், நானும் ஊருக்கு வந்திருந்த ஒரு வார இறுதியில், அவர் நடையைப் பதியும் கருவியுடன் எங்கள் ஊருக்கு முதன்முதலாக வந்தார். தீப்பெட்டியைவிடச் சிறியது. அதற்கொரு மெல்லிய தோலுறை; தங்கள் வீட்டுப் பட்டறையில் தைத்தது என்றார். துணிப்பட்டையில் கோத்து அம்மாவின் இடுப்புக்குப் பின்னால், முதுகெலும்பின் அடியில் பொருந்தும்படி கட்டினார். பிறகு பள்ளி மைதானத்தில் நாடா பிடித்து அளந்து, அம்மாவை அதில் நடக்கவிட்டார். சமதளத்தில், ஏற்றத்தில், இறக்கத்தில், தலையில் விறகுக் கட்டோடு, விறகில்லாமல். கருவிக்கு முதலில் உங்கள் நடையைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றார்.

அன்று அவர் எனக்கு விளக்கியதை நான் இன்றும் வியந்துகொண்டிருக்கிறேன். அந்தக் கருவிக்கு வேகத்தை அளக்கத் தெரியாது. தான் எங்கே இருக்கிறது என்பதும் தெரியாது. அது அறிவதெல்லாம் அதிர்வு ஒன்றுதான். பாதம் தரையில் படும்போது உடல் பெறும் சிறு உந்துதல், அடுத்த அடிக்காக இடுப்பு மேலெழுந்து தாழ்வது, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடை மாறும்போது ஏற்படும் பக்க அசைவு. இடுப்பு எவ்வளவு எழுந்து தாழ்கிறது என்பதிலிருந்தும் காலின் நீளத்திலிருந்தும் ஓரடியின் நீளத்தைக் கணிக்கிறார்கள். அடிகள் எவ்வளவு விரைவாக ஒன்றையொன்று தொடர்கின்றன என்பதை அதனோடு சேர்த்தால் வேகம் கிடைக்கிறது. நான் வேலூரில் முதுகலைத் தமிழ் படிப்பவள். சீர் பிரித்து ஓசை கண்டு, அந்த ஓசையிலிருந்து செய்யுளின் வகையைச் சொல்லப் பயின்றவள். கண்ணில்லாத ஒரு பொருள் ஓசையை மட்டும் கொண்டு ஒரு பெண்ணின் நடையைச் சொல்லிவிடுகிறது என்பது எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. அழகாகவே தோன்றியது.

அம்மாவுக்கு அப்படித் தோன்றவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் விசாரித்தபோது அவள் சொன்னாள்: "மாமியாரு போயி இத்தினி வருசம் கழிச்சு, இடுப்புலயே ஒருத்தியக் கட்டி வுட்டுட்டாங்க. நான் செத்த உக்காந்தாகூட இவ போயி சொல்லிபுடுவா."

தன் தாயைப் பற்றிய அந்தக் கேலிக்கு அப்பாதான் எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தார்.

திங்கட்கிழமை அவர் சிரிக்கவில்லை. நான் செய்தியைச் சொன்னதும் அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். நெஞ்சைத் திறப்பார்களா என்று ஒருமுறை கேட்டாள். தெரியாது என்றேன். எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, மூச்சுகூட வாங்கவில்லையே என்று கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். பின்பு அப்பாவின் பக்கம் திரும்பி, கூட வருகிறீர்களா என்று கேட்டாள். அப்பா வருவதாகச் சொல்லிவிட்டு ஒரு பீடியுடன் வெளியே போனார். ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதில்லை என்று இருப்பவர் அவர். அம்மாவுக்குப் பலூன் வைத்த நாட்களில்கூட வெளியே புளியமரத்தடியில்தான் இருந்தார். இம்முறை உடனே ஒப்புக்கொண்டது, நிலைமை எவ்வளவு மோசம் என்று அவரும் நினைக்கிறார் என்பதன் அடையாளமாக எனக்குப் பட்டது.

வியாழக்கிழமை காலை, எதிர்பாராமல், வாணியம்பாடி அக்கா ஷேர் ஜீப்பில் வந்து இறங்கினார். கணக்கில் ஏதோ பொருந்தவில்லை, அம்மாவை அனுப்புவதற்கு முன் நேரில் பார்க்க விரும்பினேன் என்றார். அந்த ஒரு காரணத்துக்காக, அந்த வெயிலில், முட்டியோடு முட்டி இடிக்கும் ஜீப்பில் அவர் மலை ஏறி வந்திருந்தார்.

மடிக்கணினியைத் திறந்து அம்மாவின் நடைகளைக் காட்டினார். ஒவ்வொரு நீண்ட நடையும் ஒரு புள்ளி. புள்ளிகள் மார்ச் முதல் மே வரை, படியிறங்குவதுபோலத் தாழ்ந்துகொண்டே வந்தன. கூர்ந்து பார்த்தபோது எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. நான் பொதுவாகக் கேள்வி கேட்பவளல்ல. ஆனால் அம்மா தினமும் விடியலில் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போகிறாளே, தண்ணீர் எடுக்கப் போகிறாளே, அவை இதில் எங்கே இருக்கின்றன என்று கேட்டேன்.

"அதெல்லாம் சின்ன நட. நின்னு, திரும்பி, குனிஞ்சுன்னு கொழப்பமா இருக்கும். கணக்கு கெட்டுடும்னு நாந்தான் எடுத்து ஓரமா வெச்சுட்டேன்" என்றார்.

சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் நிறுத்தினார். பிறகு ஓரமாக வைத்ததை எடுத்துத் திறந்தார். கூச்சமோ சமாதானமோ இல்லாமல், தன் கணக்கைத் தானே கலைக்கும் அந்தக் கைகளை நான் மிகுந்த மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன நடைகளின் புள்ளிகள் விரிந்தன. அவை தாழவில்லை. மார்ச்சில் இருந்த உயரத்திலேயே மேயிலும் இருந்தன. விடியலில் தனியே போகும் அம்மாவின் வேகம் குறையவே இல்லை. நிலத்துக்குப் போகும்போதும் வரும்போதும் மட்டுமே அவள் மெதுவாக நடந்திருக்கிறாள்.

ஏற்றத்தில் இதயம் திணறுகிறதோ என்று அக்கா ஐயப்பட்டார். இறக்கத்திலும் அதே வேகம்தானே இருக்கிறது என்று அவரே அதை மறுத்தார். கடைசியில், இப்போதே எல்லோரும் நிலம்வரை நடந்து பார்க்கலாமா என்று கேட்டார்.

அப்பா அவருடைய காலணியைப் பார்த்தார். "இத்த போட்டுக்கினா காட்டுல நடக்கப்போற?"

"வாணியம்பாடிக்காரி தோலு ஷூ போடாம வெளிய போனா எங்க அத்தா வூட்டுக்குள்ள சேக்க மாட்டாருங்க" என்றார் அக்கா. அவர் முற்றத்தைத் தாண்டுவதற்குள் சரளையில் ஒருமுறை சறுக்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

இங்கே எங்கள் மலையின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒற்றையடிப் பாதையில் பலர் சேர்ந்து போகும்போது, மெதுவாக நடப்பவரை முன்னால் விடுவோம். கர்ப்பிணி, குழந்தை, காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் யாராயினும் அவரே முதலில் போவார். மற்றவர்கள் அவருடைய வேகத்துக்குத் தங்கள் காலைக் குறைத்துக்கொண்டு பின்னால் வருவார்கள். இப்படி நடந்தால் யாரும் பின்தங்க மாட்டார்கள். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பது இந்த வழக்கத்தின் இன்னொரு பாதி. நீ மெதுவாக நடக்கிறாய், முன்னால் போ என்று சொல்வது மரியாதையல்ல. பாதையைப் பார்த்துப் போங்கள், முள்ளை ஒதுக்குங்கள் என்று ஏதாவது ஒரு வேலையைச் சொல்லி முன்னால் அனுப்புவோம். அனுப்பப்பட்டவர் தான் வழிகாட்டுவதாக நினைத்துக்கொண்டு போவார்.

ஆகவே நான் பாதையோரம் ஒதுங்கி, முற்றத்திலேயே சறுக்கிய விருந்தாளிக்கு முதலிடம் விட்டேன். அம்மா அவருடைய காலைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பின்பு அப்பாவின் முழங்கையை இலேசாகத் தொட்டு, "நீங்க முன்னால போங்க. முள்ளு கெடக்கும், ஒதுக்கிக்கினே போங்க" என்றாள்.

அப்பா முன்னால் போனார். விருந்தாளி இரண்டாவது. அம்மா மூன்றாவது. நான் கடைசி. மலைப்பாதையில் நடந்து பழகாத நகரத்துப் பெண்ணைவிட அப்பா மெதுவாக நடப்பவர் என்று அம்மா தீர்மானித்திருக்கிறாள். அது சட்டென்று எடுத்த தீர்மானம் அல்ல. அந்த முழங்கைத் தொடுகை பழகியிருந்தது. வேறு எதுவும் பேசப்படவில்லை. இருந்தும் அந்தக் குடியிருப்பில் பிறந்த எவருக்கும் அது போதும்.

முதல் திருப்பத்தில் அப்பா நின்றார். ஒரு பலாமரத்தைக் காட்டி, இரண்டு வருடமாகக் காய்க்காமல் இருந்தது இந்த வருடம் எப்படிக் காய்த்திருக்கிறது என்று விருந்தாளிக்குச் சொன்னார். நடந்தோம். இன்னும் சற்றுத் தொலைவில் மறுபடி நின்று, பூத்து முடிந்த ஒரு கொன்றையைப் பற்றிச் சொன்னார். விடுமுறைக்கு வந்த நாளிலிருந்து இதை நான் கவனித்திருந்தேன். அப்பாவுக்கு வயதாக ஆக மரங்களின்மேல் பிரியம் கூடிவிட்டது என்று மகிழ்ந்தும் இருந்தேன். மூன்றாம் முறை அவர் நின்ற இடத்தில் மரமே இல்லை. மொட்டைப் பாறை. அவர் ஒரு கையால் கெண்டைக்காலை அழுத்திக்கொண்டு அந்தப் பாறையைப் பார்த்தார். சற்று நேரத்தில் காலை உதறிவிட்டு, ஒன்றும் நடவாததுபோல நடந்தார்.

நிலத்தை அடைந்ததும் அப்பா பழுத்து விழுந்த பலா ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்க வேலிப் பக்கம் போனார். நாங்கள் மூவரும் கல்வரப்பில் உட்கார்ந்தோம். அம்மா காதில் விழும்படியாகவே நான் அக்காவிடம் எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். அவர் கேட்டு முடித்து, மடியிலிருந்த கைபேசியில் அம்மாவின் பழைய நடைகளை மறுபடி பார்த்தார். ஒவ்வொரு நடையிலும் ஒருமுறை நின்றதற்கும் அடுத்த முறை நின்றதற்கும் நடுவிலான இடைவெளிகள் ஏறக்குறையச் சமமாக இருந்தன. வாரங்கள் போகப் போக அந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்திருந்தது.

"மரம் பாக்க நிக்கிறவங்க மரம் இருக்கிற எடத்துல நிப்பாங்க" என்றார் மெதுவாக. "நான் டாக்டர் இல்லீங்கம்மா. ஆனா இந்த நட உங்களுது இல்ல. அவருக்குப் பின்னால நீங்க நடந்தது."

அம்மா வியப்படையவில்லை. வேலிப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"ரெண்டு மாசமா அவருக்குக் காலு இழுக்குது. ராவுல தேச்சி வுடுறேன். ஆஸ்பத்திரின்னு வாயெடுத்தா போதும், எனக்கு இன்னா கேடு, நான் கல்லு மாதிரி கீறேன்னு எந்திரிச்சிப் போய்டுவாரு. எனக்கு ஒடம்பு முடியலன்னாதான் அவரு மலைய வுட்டு எறங்குவாரு."

"திங்கக்கெழமையே உனக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"என் நெஞ்சா அவரு காலான்னு எனக்கு இன்னா தெரியும்? பொட்டி கொறயுதுன்னு சொல்லிச்சு. எதுவா இருந்தா இன்னா, கூட வர்றேன்னாரு இல்ல. அதுவே போதும்னு இருந்தேன்."

தன் நெஞ்சைத் திறப்பார்களோ என்ற பயம் அவளுக்கு உண்மையிலேயே இருந்தது. திங்கட்கிழமை அவள் முறத்தைக் கீழே வைத்த விதத்திலேயே அதை நான் கண்டிருந்தேன். அந்தப் பயத்துக்குள்ளேயே அவள் அப்பாவை அழைத்துப்போக ஒரு வழியும் கண்டிருக்கிறாள். அதற்காக மருத்துவமனைக் கட்டிலில் தான் படுக்கவும் தயாராக இருந்தாள்.

டாக்டரிடம் இதை மறைக்க முடியாது, இன்றே சொல்லித்தான் ஆகவேண்டும் என்றார் அக்கா.

"சொல்லு கண்ணு. டாக்டருட்ட சொல்லு. இவருட்ட அங்க போயி அந்த டாக்டரே சொல்லட்டும். இங்க சொன்னா நாளைக்கு பஸ்ஸு ஏற மாட்டாரு."

அப்பா ஒரு பலாப்பழத்தை இடுப்பில் அணைத்தபடி வந்தார். மூன்று பெண்களும் ஒரே சமயத்தில் வாயை மூடிக்கொண்டதைக் கண்டு, "என்னப் பத்தித்தான் பேச்சா?" என்று கேட்டார். உங்கள் அம்மாவைப் பற்றி என்றாள் அம்மா, இடுப்புப் பட்டையைத் தட்டிக் காட்டி. அப்பா சிரித்தார். திரும்பும்போதும் அவரே முன்னால் போனார். முன்பு நின்ற மொட்டைப் பாறையருகே மறுபடி நின்றபோது விருந்தாளியும் நின்று, அந்தப் பாறை எத்தனை பழையது என்று அவரிடம் மிகுந்த அக்கறையோடு விசாரித்தார்.

பிற்பகல் தொட்டிப் படியிலிருந்து அவர் டாக்டரிடம் பேசினார். இருவரையும் அழைத்து வரச் சொன்னார் டாக்டர். அம்மாவின் வால்வை எப்படியும் பார்த்தாக வேண்டும். கூட வருபவரின் காலையும் பார்த்துவிடலாம் என்றார்.

பின்னால் தெரியவந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவின் வால்வு விரித்துவிட்டபடியே இருந்தது. நெஞ்சைத் தொட வேண்டிய தேவை ஏற்படவில்லை. அப்பாவின் காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டிருந்தது. பீடியை விடச் சொன்னார்கள், மாத்திரை கொடுத்தார்கள். அதோடு, வலிக்கும்வரை நடந்து, நின்று, வலி போனதும் மறுபடி நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, அதைத்தானே இவ்வளவு நாளாக இவளோடு செய்துகொண்டிருக்கிறேன் என்று அப்பா கேட்டாராம். வாணியம்பாடி அக்கா இப்போது கருவி கட்டும் ஒவ்வொருவரிடமும், யாரோடு நடக்கிறீர்கள், முன்னால் போவது யார் என்று கேட்டுக்கொள்கிறார். ஒருவர் இடுப்பில் கட்டிய கருவி, சொல்லக் கூடாத மரியாதையின் அடியில் மறைந்திருந்த இன்னொருவரின் வலியைப் பதிவுசெய்து வைத்திருந்ததை நான் நினைக்காத நாளில்லை. அந்தக் கருவி பொய் சொல்லவில்லை. அம்மா எப்படி நடந்தாளோ அப்படியே சொன்னது.

ஆனால் வெள்ளிக்கிழமை காலை இவை எதுவும் எங்களுக்குத் தெரியாது. பேருந்துக்குப் போக மூவரும் முற்றத்தில் இறங்கினோம். அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வழக்கப்படி உடம்புக்கு முடியாதவள் அம்மா அல்லவா, அவர் ஒதுங்கி நின்று, "நீ முன்னால போ. நான் பின்னால வர்றேன்" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். அவரை முன்னால் அனுப்பச் சொல்வதற்கு அவளிடம் வேலை எதுவும் மிச்சமில்லை.

"அப்பா, ராத்திரி மழைல மண்ணு சரிஞ்சிருக்கும். நீங்க முன்னால போய் பாருங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு முன்னால் நடந்தார். அடுத்து நான், எனக்குப் பின்னால் பையுடன் அம்மா. என் அடிகளை அவருடைய அடிகளின் அளவுக்குக் குறைத்துக்கொண்டேன். முதல் திருப்பத்தில் அவர் பலாமரத்தின் எதிரே நின்றார். நானும் நின்று, எந்தக் கிளைக் காய் முதலில் பழுக்கும் என்று கேட்டேன். அவர் விளக்கத் தொடங்கினார். அவர் தானாகக் காலை எடுத்து வைக்கும்வரை, அடுத்த கிளையைப் பற்றியும் கேட்டேன்.